குச்சியை மட்டும் பார்த்தவர்

தையற்கடைக்காரம்மாவுக்கு நேரம் தவறினால் பிடிக்காது. மூன்று மணிக்குத் தருவதாகச் சொன்ன கால்சட்டை இரண்டே முக்காலுக்கே மடித்துத் தயாராக இருக்கும். அந்தக் கறார்தான் ஊர் இசைக்குழுவின் முதல் வயலின் நாற்காலியில் அவரைப் பதினோரு வருடம் உட்காரவைத்திருந்தது. சம்பளமில்லாத குழு. ட்ரம்பெட் ஊதுபவர் பஸ் டிரைவர். புல்லாங்குழல் மருந்துக்கடைக்காரர். குச்சி பிடித்து நடத்துவது பல் டாக்டர்.

டாக்டருக்கு நல்ல உயரம், நல்ல கோட்டு, நல்ல குரல். தாளம்தான் கொஞ்சம் தகராறு. குழு எப்போதும் கடைசியாக வாசிக்கும் பெரிய உருப்படியில் ஓரிடத்தில் மூன்று எண்ணிக்கைத் தாளம் இரண்டாக மாறும். டாக்டரின் குச்சி அங்கே தவறாமல் இன்னொரு மூன்றைப் போடும். அந்த நொடியில் தையற்கடைக்காரம்மா மோவாயைத் தூக்கி இறக்குவார். முப்பது பேரும் அதைப் பார்த்துத்தான் நுழைவார்கள். எல்லாம் தன் குச்சியின் மகிமை என்று டாக்டர் நினைத்திருந்தார். பெரிய மனுஷன், போகட்டும் என்று யாரும் வாய் திறக்கவில்லை.

மாதம் ஒருமுறை குழு பள்ளி, நூலகம், ஆஸ்பத்திரி என்று போய் வாசிக்கும். இடம் கேட்டு அலைவதும் நாற்காலி இழுத்துப் போடுவதும் தையற்கடைக்காரம்மாதான். டயாலிசிஸ் வார்டில் வாசித்த அன்று டாக்டரின் கண்ணில் அந்த மோவாய் பட்டுவிட்டது. பாதியிலேயே நிறுத்தினார்.

"ஏம்மா, இங்க நடத்துறது நானா, உங்க தலையா? பொம்ம மாதிரி ஆட்டிக்கிட்டு! குச்சிய மட்டும் பாருங்க. வர்ற ஞாயித்துக்கிழம பூங்கா கச்சேரில தல ஆடுச்சுன்னா கடைசி வரிசைதான்."

ஜன்னலோரக் கட்டிலில் இருந்த லாரிக்காரர் கெக்கெக்கே என்று சிரித்தார். வார்டே சிரித்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா நடந்ததையெல்லாம் கணவரிடம் கொட்டினார்.

"விட்டுத் தொலையேன்," என்றார் கணவர். "பல்லு புடுங்குற ஆளு, வேற எதப் புடுங்குவான்?"

"விடுறதா? அவரு சொன்னதத்தாங்க செய்யப்போறேன். அப்படியே, துளி மாறாம."

அம்மா கத்திப் பேசியிருந்தால்கூடக் கணவர் பயந்திருக்க மாட்டார். சிரித்துக்கொண்டே சொன்னதுதான் அவருக்கு உதறலைக் கொடுத்தது.

கச்சேரிக்கு முன் ஒரே ஒரு ஒத்திகை. "அது நம்ம கைக்குள்ள இருக்கு," என்று டாக்டர் பெரிய உருப்படியைத் தொடவே இல்லை. தையற்கடைக்காரம்மாவும் நினைவூட்டவில்லை.

ஞாயிறு மாலை பூங்காவில் நானூறு நாற்காலி. முன்வரிசையில் மேயர். வார்டிலிருந்து வேனில் வந்தவர்களோடு லாரிக்காரரும் இருந்தார்.

"அக்கா, வழக்கம்போலத்தானே?" என்று கிசுகிசுத்தார் பஸ் டிரைவர்.

"குச்சியப் பாரு தம்பி."

பெரிய உருப்படி தொடங்கியது. அந்த இடம் வந்தது. குச்சி இன்னொரு மூன்றைப் போட்டது. பாஸ்போர்ட் படத்துக்கு உட்கார்ந்தவர்போல அம்மா தலையை அசைக்காமல் குச்சியையே பார்த்தார். ட்ரம்பெட் ஒரு பக்கம் பாய்ந்தது, புல்லாங்குழல் இன்னொரு பக்கம் ஓடியது, செல்லோக்கள் நடுவழியில் நின்றன. கடைசியில் முரசு மட்டும் தனியாக ஒரு அடி போட்டு, வெட்கப்பட்டு அடங்கியது.

டாக்டரின் கழுத்து சிவந்தது. குனிந்து, "என்னம்மா ஆச்சு? எங்கேருந்து எடுக்கணும்?" என்றார்.

"நீங்கதான் சொல்லணும் டாக்டர். நான் குச்சியத்தான் பாத்துட்டிருக்கேன்."

டாக்டர் குழுவைப் பார்த்தார். முப்பது ஜோடிக் கண்களும் அம்மாவின் மோவாயில் இருந்தன. பதினோரு வருடம் கழித்து அவருக்கு விளங்கியது.

"தலைய ஆட்டுங்கம்மா," என்றார், உதடு அசையாமல்.

"கேக்கல டாக்டர். அன்னிக்கு வார்டு முழுக்கக் கேட்டுச்சே?"

மைக் பக்கத்திலேயே இருந்தது. டாக்டர் குரலை உயர்த்தினார். "அம்மா, தயவுசெஞ்சு நீங்க தலைய ஆட்டுங்க."

பூங்காவின் கடைசி வரிசைவரை கேட்டது. முதலில் சிரித்தவர் லாரிக்காரர்தான். மேயரும் வாயைப் பொத்திக்கொண்டார்.

தையற்கடைக்காரம்மா வயலினை மடியில் வைத்து, சுருதி சரியாகவே இருந்த தந்தி ஒன்றை மெதுவாக முறுக்கினார். பிறகு தளர்த்தினார். மறுபடி முறுக்கினார். குச்சியைத் தூக்கிய கையோடு டாக்டர் காத்து நின்றார். கை நடுங்கும்வரை அவரை நிற்கவைத்துவிட்டு, அம்மா மோவாயைத் தூக்கினார்.