குட்டையக்காவுக்கு வந்த ஷூ

எங்கள் ஆஸ்பத்திரியில் கிறிஸ்துமஸ் சமயத்தில் பாதி டாக்டர்கள் லீவில் போய்விடுவார்கள். நோயாளிகள் போக மாட்டார்கள். அவர்கள் படுத்த விரிப்புகள் வழக்கம்போல மூட்டை மூட்டையாகச் சலவைக்கூடத்துக்கு இறங்கிக்கொண்டே இருக்கும். எங்களிலும் பலர் லீவு போட்டுவிடுவதால் மிச்சமிருப்பவர்கள் மாடு மாதிரி உழைக்க வேண்டும். நான் இஸ்திரி மெஷினில் நிற்பவள். எனக்கு எதிரே விரிப்பு மடிக்கும் மேஜை. அங்கே நிற்பவள்தான் குட்டையக்கா.

விரிப்பு மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து உதறி, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து சேர்க்க வேண்டும். குட்டையக்காவின் ஜோடி நெட்டை. ஒருத்தி கையைத் தாழ்த்துவாள், இன்னொருத்தி எம்புவாள். வருஷக்கணக்காக அப்படித்தான் மடித்தார்கள், ஊர்வம்பு பேசிக்கொண்டே.

குட்டையக்காவுக்கு ஒரு வியாதி. யார் எதைக் கொடுத்தாலும் அன்றைக்கே பதிலுக்குச் செய்துவிட வேண்டும். நாம் வாங்கிக் கொடுத்த டீ தொண்டையில் இறங்குவதற்குள் நமக்கு ஒரு டீ சொல்லிவிடுவாள். புருஷன் போன பிறகு சில வருஷம் அண்ணன் வீட்டில் இருந்தவள். அண்ணி சோறு போட்டாள், இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் போட்ட ஒவ்வொரு பிடியையும் சொல்லிக்காட்டினாள். அதிலிருந்து அடுத்தவர் கை நீண்டாலே இவளுக்குப் பயம்.

இந்த டிசம்பரில் அவள் ஷூவின் அடி பிளந்துவிட்டது. சலவைக்கூடத் தரை எப்போதும் ஈரம். காலில் பிளாஸ்டிக் பையைச் சுற்றி ஷூவுக்குள் நுழைத்துக்கொண்டு, சரக் சரக்கென்று நடந்தாள். நெட்டைக்குப் பொறுக்கவில்லை. கிறிஸ்துமஸ் பரிசு என்று ஒரு புது ஜோடியைப் பெட்டியோடு கொண்டுவந்து நீட்டினாள்.

“எனக்கு எதுக்குடி? உன் பொண்ணுக்குக் கொடு.”

“அவ காலு படகு மாதிரி. பேசாம வாங்கிக்கக்கா.”

வாங்கிக்கொண்டாள். சாப்பாட்டு நேரத்தில் சோற்றைத் தொடாமல் கடைத்தெருவுக்கு ஓடினாள். மூச்சிரைக்க ஒரு சுவர்க்கடிகாரத்தோடு வந்து, அதை நெட்டையின் கையில் திணித்தாள்.

நெட்டையின் முகம் சுண்டிவிட்டது. “நான் என்ன கடையா வெச்சிருக்கேன்? ஒரு நாளாவது பொறுக்க மாட்டியா நீ?” கடிகாரத்தை மேஜைமேல் வைத்துவிட்டு நேராகச் சூப்பர்வைசரிடம் போனாள். துவைக்கும் பக்கம் மாற்றிக்கொண்டாள். கிறிஸ்துமஸ் லீவுக்கு ஊருக்குப் போய் வந்தாலும் இனி அங்கேதான் என்று சொல்லிவிட்டாள்.

குட்டையக்காவுக்கு வேறு ஜோடி கிடைக்கவில்லை. விரிப்பின் ஒரு முனையை மேஜை இழுப்பறையில் சொருகி, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு தனியாக மடித்தாள். ஏற்கெனவே தோள்வலிக்காரி. மத்தியானத்துக்குள் கை தூக்க முடியாமல் போய்விடும். ஷூ பெட்டியிலேயே கிடந்தது. பார்க்கப் பார்க்க எனக்கே அசதியாக இருந்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் என் பொறுமை போய்விட்டது. மெஷினை நிறுத்தினேன்.

“அந்த ஷூவப் போட்டாத்தான் என்ன? முள்ளா குத்தும்?”

“போட்டுக்கிட்டா நாளைக்குச் சொல்லிக்காட்டுவா.”

“இத்தன வருஷத்துல அவ எப்ப சொல்லிக்காட்டினா?”

யோசித்துப் பார்த்தாள். “இன்னும் சொல்லிக்காட்டல.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. “போன வருஷம் மழைக்காலத்துல காய்ச்சல்ல படுத்துக் கிடந்தியே, உன் வேலைய யாரு பாத்தாங்கன்னு நெனச்சே?”

“சூப்பர்வைசர் யாரையோ போட்டாருன்னு…”

“ஒருத்தரையும் போடல. நீ வந்து நிக்கிற வரைக்கும் அவதான் உன் ஷிப்டையும் சேத்துப் பாத்தா. உன்கிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வேற வாங்கினா.”

சத்தியத்தை உடைத்தேன். அதில் எனக்கு வருத்தமே இல்லை. குட்டையக்கா கையில் பாதி மடித்த விரிப்போடு அப்படியே நின்றாள். பதிலுக்கு எதுவும் செய்யாமலே இத்தனை மாதம் நெட்டையோடு சிரித்துப் பேசியிருக்கிறாள். அதனால் அவள் தலை குனிந்து நடக்கும்படி ஒன்றும் நடந்துவிடவில்லை.

நெட்டை ஊருக்குக் கிளம்பப் பையை மாட்டிக்கொண்டு வந்தாள். குட்டையக்கா பெட்டியைத் தூக்கிக்கொண்டு வழியை மறித்தாள்.

“இது இன்னும் எனக்குத்தானா?”

நெட்டை அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “பின்ன? இத்தனூண்டு காலு இங்க வேற யாருக்கு இருக்கு?”

குட்டையக்கா அழுக்குத்துணி மூட்டைமேல் உட்கார்ந்தாள். குனியப் பார்த்தாள், இடுப்பு பிடித்துக்கொண்டது. நெட்டை பையை இறக்கிவிட்டு ஈரத்தரையிலேயே மண்டியிட்டாள். பிளாஸ்டிக் பையை உருவி, ஊறி வெளுத்திருந்த பாதங்களைத் துண்டால் துடைத்தாள். குட்டையக்கா கூச்சத்தில் காலை இழுக்கப் போனாள். இழுக்கவில்லை. கண்ணீர் வழிந்து மடியில் சொட்டியது, அதைத் துடைக்கவும் இல்லை.

ஷூவை மாட்டி லேஸையும் கட்டிவிட்டு நெட்டை எழுந்தாள்.

“இருடி,” என்றாள் குட்டையக்கா. “இடது காலு லூசா இருக்கு. இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டு.”