கழன்றது எந்த ஸ்க்ரூ

மஞ்சூரில் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோது, ஈர இலையில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டேன். கோயமுத்தூரில் ஸ்க்ரூ போட்டு எலும்பைக் கூட்டினார்கள். எலும்பு கூடிவிட்டது. ஆனால் ஒரு ஸ்க்ரூ இடம் மாறி மூட்டுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது. உட்கார்ந்தால் குத்தும், நடந்தால் 'கடக்' என்னும். வேறொரு டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்து, எல்லாவற்றையும் கழற்றிவிடலாம் என்றார்.

அப்போதுதான் மகளுக்கு மேட்டுப்பாளையத்தில் சம்பந்தம் பேசி முடித்திருந்தோம். பையனை அவளுக்கு மிகவும் பிடித்துவிட்டது. ஆபரேஷனுக்காக நிச்சயதார்த்தத்தைத் தள்ளிவைக்க வேண்டியிருந்தது. போனில் தகவல் சொல்லும் பொறுப்பை என் மனைவியின் தம்பியிடம் கொடுத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்!

"மச்சானுக்கு ஸ்க்ரூ கழண்டிருச்சுங்க. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோம். நிச்சயத்த அப்புறம் வெச்சுக்கலாம்" என்று சொல்லி வைத்துவிட்டான் அந்தப் புண்ணியவான்.

மறுநாளே மாப்பிள்ளையின் பெற்றோர் பழப்பையோடு வந்து இறங்கினார்கள். எனக்கு எட்டாத தூரத்தில், கதவை ஒட்டி உட்கார்ந்தார்கள்.

"ஏனுங்க, தூக்கமெல்லாம் வருதுங்களா?" என்றார் அந்த அம்மாள், குழந்தையிடம் கேட்பதுபோல.

"எங்கீங்க வருது? பொரண்டு படுத்தாக் குத்துது."

"ஆருங்க குத்தறாங்க?"

"உள்ளுக்குள்ள இருந்துதானுங்க. நடந்தாச் சத்தமும் கேக்குது. எனக்குக் கேக்குது, ஊட்டுல ஒருத்தரும் நம்ப மாட்டீங்கறாங்க!"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மாப்பிள்ளையின் அப்பா, பையனுக்கு இன்னும் ஒரு வருடம் போகட்டும் என்று இழுத்தார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"என்னைய என்ன பைத்தியம்னு நெனச்சீங்களா?" என்று கத்தினேன். அந்த அம்மாள் எழுந்து நின்றுவிட்டார்.

உள்ளேயிருந்து மகள் வந்தாள். கண் சிவந்திருந்தது. என் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள்.

"கழண்ட ஸ்க்ரூ இதுதானுங்க, அப்பாவுக்கு இடுப்புல. தலையில ஒண்ணுமில்லீங்க. இந்தக் கோவம் மட்டும் பொறவியிலேயே இருக்குது."

இருவரும் கிட்டே வந்து எக்ஸ்ரேயை உற்றுப் பார்த்தார்கள். பிறகு அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கல்யாணத்தில் ஊன்றுகோல் இல்லாமல் நின்று மகளைத் தாரைவார்த்துக் கொடுத்தேன். பெருமையில் அழுகைகூட வந்தது. ஆனால் பந்தியில் ரசத்துக்கு உப்பில்லை என்று தெரிந்ததும் சமையல்காரரைப் பிடித்து ஒரு சத்தம் போட்டேன்.

பந்தியே திரும்பிப் பார்த்தது. சம்பந்தி பக்கத்து இலைக்காரரிடம் மெதுவாகச் சொன்னது என் காதில் நன்றாகவே விழுந்தது.

"கண்டுக்காதீங்க. அவருக்கு இப்ப ஒரு ஸ்க்ரூகூட இல்லீங்க."