கல்குவாரி மலையில் கூடாரம்

அறுபத்தெட்டாம் வருஷம், கல்யாணமான புதிதில், நானும் என் கணவரும் நண்பரிடம் இரவல் வாங்கிய காரில் கூடாரத்தோடு கிளம்பினோம். குன்றத்தூரில் காய்கறி வாங்கி, ஏரியில் குளித்துவிட்டு, தாம்பரம் பக்கத்து மலையொன்றில் ஏறினோம். அங்கே ஒரு கம்பில் சிவப்புத் துணி பறந்தது. கூடாரக் கயிற்றை அவர் அதிலேயே கட்டினார். நான் ஸ்டவ்வைப் பற்றவைத்தேன்.

அப்போது கீழே கல் உடைப்பவர்களிடமிருந்து ஒரு பெண்ணின் குரல் கேட்டது. “வெடி வெச்சிகீது, ஓடியாங்க, ஓடியாங்க.”

“மேரி, எழுந்திரு” என்று அவர் என்னைத் தரதரவென்று இழுத்து ஒரு பாறைக்குப் பின்னால் தள்ளினார். மலையே அதிர்ந்தது. கற்கள் விழுந்து ஓய்ந்ததும் எட்டிப் பார்த்தோம். கூடாரத்தைக் கிழித்துக்கொண்டு வந்த கல்லின் அடியில் ஸ்டவ் நசுங்கிக் கிடந்தது. சிவப்புத் துணி வெடிக்கான எச்சரிக்கை என்று அப்புறம்தான் தெரிந்தது.

இப்போதெல்லாம் அடிவாரத்தில் விசாரிக்காமல் நாங்கள் ஏறுவதில்லை. விசாரிக்க ஆள் இல்லையென்றால், எவ்வளவு அழகான மலையானாலும் திரும்பிவிடுகிறோம்.