கட் சொல்லும்வரை

ஹாங்காங் குங்ஃபூ படங்களில் என் கணவர் எத்தனை முறை செத்தார் என்று அவருக்கே கணக்குத் தெரியாது. வில்லனுக்குப் பின்னால் நிற்கும் அடியாள், இல்லாவிட்டால் இந்தியாவிலிருந்து வந்த கெட்ட சாமியார். மலேசியாவின் ஈப்போவில் பிறந்த தமிழருக்கு அங்கே வேறு வேஷம் யார் கொடுப்பார்கள்? சிட்னியில் டூங்கபிக்குக் குடிவந்த பிறகு, வீட்டுக்கு வருகிறவர்கள் என் காப்பியைக் குடித்துவிட்டு, வீடியோவில் இவர் சாவதை ரீவைண்ட் பண்ணிப் பண்ணிச் சிரித்தார்கள். இவரும் கூடவே சிரிப்பார். எனக்கு வயிறு எரியும்.

அடி வாங்கி விழுந்தவன் டைரக்டர் ‘கட்’ சொல்லும்வரை இமைகூட அசைக்கக் கூடாதாம். அதில் இவருக்கு ஏகப்பட்ட பெருமை. ஒருமுறை மற்றவர்கள் சாப்பிடப் போன பிறகும் மழையில் படுத்துக் கிடந்திருக்கிறார். “யாரும் கட் சொல்லலையே” என்பார், பதக்கம் வாங்கியவர் மாதிரி.

கடைசிப் படத்தில் ஹீரோவின் உதை உடம்பில் படாமல் நிற்க வேண்டியது. அந்த ஆள் முழங்காலில் நிஜமாகவே உதைத்தான். எலும்பு நொறுங்கியது. ஷாட் நன்றாக வந்திருக்கிறது என்று படத்தில் வைத்துக்கொண்டார்கள். ஆஸ்பத்திரிப் பக்கம் அவன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அதோடு இவருடைய சினிமா முடிந்தது. சிட்னியில் காலை இழுத்து இழுத்துக் கிடங்கில் பெட்டி அடுக்கினார். குளிர்காலம் வந்தால் அந்த முழங்காலுக்குத் தைலம் தேய்ப்பவள் நான். தேய்க்கும்போதெல்லாம் அவனைத் திட்டுவேன். இவர் ஒருநாளும் திட்டியதில்லை. அதுவும் எனக்கு ஆத்திரம்.

ஒருநாள் பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்துப் பெண் வேலியருகே வந்தாள். “அன்ரி, மெரிலேண்ட்ஸில என்ர மகள் படிக்கிற குங்ஃபூ ஸ்கூல் விழாவுக்கு அங்கிளின்ர ஹீரோ சீஃப் கெஸ்டா வாறாராம். கட்டாயம் வாங்கோ.”

இவர் அன்றைக்கே சட்டையை அயர்ன் பண்ணிவிட்டார். நான் போனது ஒன்றுக்காகத்தான். அவன் வாயால் இவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் கேட்க வைப்பேன். சீனர்களோடு வளர்ந்த ஈப்போக்காரிக்கு அவனுடைய கான்டனீஸில் திட்டத் தெரியாதா?

கிழவனாகியும் தலைக்கு டை அடித்திருந்தான். இவரைப் பார்த்ததும் அடையாளம் கண்டு, மேடையிலிருந்து இறங்கி வந்து கட்டிக்கொண்டான். என் கோபம்கூட ஒரு நொடி தடுமாறியது. முழங்காலைப் பற்றிப் பேச்சே இல்லை. மைக்கைப் பிடித்து, “இவனை மாதிரி விழ ஒருத்தனும் கிடையாது! எங்கே, ஒருமுறை விழு பார்க்கலாம்!” என்றான். கூட்டம் கைதட்டியது.

நான் இவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். “வேணாங்க. கால் தாங்காது.”

“சும்மா இருலா. கூப்பிட்டுட்டான்ல.”

இவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை எங்கள் கல்யாணத்தன்றுகூட நான் பார்க்கவில்லை. அதற்காக இவரையும் அந்த நிமிஷம் வெறுத்தேன்.

மேடையில் அவன் காற்றில் காலை வீசினான். இவர் எம்பிச் சுழன்று தொப்பென்று விழுந்தார். ஹால் அதிர்ந்தது. உடனே போட்டோ எடுக்க ஆட்கள் கூப்பிட, அவன் படியிறங்கிப் போய்விட்டான். கூட்டமும் அவன் பின்னால் போனது.

இவர் எழுந்திருக்கவில்லை. அடிபட்டுவிட்டதோ என்று மேடைக்கு ஓடினேன். மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. இமை மட்டும் அசையவில்லை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

திரும்பி அவனைப் பார்த்தேன். பல்லைக் காட்டிக்கொண்டு போட்டோவுக்கு நின்றான். இத்தனை வருஷம் சேர்த்து வைத்த திட்டு என் வாயில் அப்படியே இருந்தது. அவனிடம் போனால் இவரை யார் எழுப்புவது? மண்டியிட்டு, இவர் காதருகே குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

“கட்.”