ஆலாவின் அலகில் ஒரு சொட்டு

1. மிஸ்ஸியின் கேள்வி

ஒரு ஜனவரி மாதக் காலையில், என் தங்கையின் கணவன் நிசாம் பிடிக்கவேண்டிய மீனை நான் விரட்டிவிட்டேன். அதற்கு முந்தைய மூன்று நாளும் மீனில்லாமல் வெறும் போட்டோடு கரைக்கு வந்தவன் அவன். டொல்பின் பார்க்க ஆட்களைக் கூட்டிப்போகும் போட்டு ஓட்ட வருவதற்கு முன் நானும் இருபது வருடம் இதே கடலில் மீன் பிடித்தவன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வாயில்லை. கண்டக்குழியில் இந்த வேலைக்குப் புதிதாக வரும் தம்பிமாருக்கு எஞ்சினைப் பற்றி யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொடுப்பார்கள். இதை நான்தான் சொல்லவேண்டும்.

அன்று என் போட்டில் ஒரேயொருவர்தான். வவுனியாவிலிருந்து பஸ் மாறி மாறி வந்து, லொட்ஜில் தங்கியிருந்த அம்மா. வயது அறுபதைத் தாண்டியிருக்கும். ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து பென்சன் எடுத்தவர் என்றதால் மிஸ்ஸி என்று கூப்பிட்டேன். அவர் என்னைத் தம்பி என்றார். எனக்கு ஐம்பத்துமூன்று வயது என்பதை நான் சொல்லவில்லை, அந்த மரியாதை போய்விடும் என்று.

டொல்பின் வேண்டாம் என்றார். கடற்பறவை ஒன்று கிட்டத்தில் அசையாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கவேண்டுமாம். கரையில் இரண்டு நாள் முயன்றிருக்கிறார். நாயும் ஆட்களும் விடவில்லை, கிட்டப் போனால் எழும்பிப் பறக்கிறது. மத்தியான பஸ்ஸில் ஊருக்குப் போகவேண்டும், இன்றைக்கு விட்டால் இனி இல்லை என்றார்.

போட்டு புறப்பட்டுக் கொஞ்ச நேரத்தில், அந்தப் பறவைகள் எங்கே தண்ணீர் குடிக்கின்றன என்று கேட்டார்.  ஆலாப் பறவை சுற்றினால் கீழே சூரை மீன் என்று எனக்குத் தெரியும். அதற்கு மேல் எனக்கு ஆலாவோடு என்ன கதை? பள்ளிவாசலில் பாங்கு கேட்டால் தொழுகைக்கு எழும்புகிறோம். பாங்கு சொன்னவர் சாப்பிட்டாரா என்று யார் கேட்கிறோம்?

"கடல் தண்ணியைத்தான் குடிக்குமாம் தம்பி. அந்த உப்பு முழுக்க மூக்கால சொட்டுச் சொட்டா இறங்குமாம். கண்ணுக்கு மேல அதுக்கெண்டு ஒரு சுரப்பி இருக்கு. நான் இருபத்தாறு வருசம் டயலிசிஸ் மெசினுக்குப் பக்கத்தில நிண்டனான். அவ்வளவு பெரிய மெசின் நாலு மணித்தியாலம் எடுத்துச் செய்யிற வேலை அது. ஒருக்கா என்ர கண்ணால பாக்கவேணும்."

என் தலைக்கு மேல் இத்தனை வருடம் நடந்த சங்கதி. கேட்டதும் எனக்கே பார்க்கவேண்டும்போல் ஆகிவிட்டது. கெட்டது அதில்தான்.

2. நடுவில் போனது

கடலுக்குள் இருக்கும் பவளப் பாரைத் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் கூட்டம் தெரிந்தது. நூறு ஆலாவுக்குக் குறையாது. மஞ்சள் அலகு, தலையில் கறுப்பு மயிர் சிலிர்த்து நிற்கும் சாதி. கீழே மீன் துள்ளித் தண்ணீர் கொதித்தது. கூட்டத்தின் ஓரமாகத் தூண்டில் இழுத்தபடி ஒரு போட்டு மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. நிசாமின் போட்டு.

எங்கள் கரையில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. கூட்டத்தை முதலில் கண்ட போட்டுக்கே கூட்டம். அந்தப் போட்டுகூட ஓரமாகத்தான் சுற்றும், நடுவில் போகாது. மேலே எஞ்சின் வந்தால் மீன் தாழும். மீன் தாழ்ந்தால் பறவைக்கு அங்கே வேலையில்லை. இது எனக்கு என் பெயரைப் போலத் தெரியும்.

ஆனால் பதின்மூன்று வருடம் டொல்பின் போட்டு ஓட்டிய கை வேறு பழக்கம் பழகியிருந்தது. டொல்பினுக்கு முன்னால் போய் வெட்டித் திருப்பினால் வந்தவர்கள் கைதட்டுவார்கள். போதும் தம்பி, இதற்கு மேல் போகவேண்டாம் என்று மிஸ்ஸி சொன்னார். மரியாதைக்குச் சொல்கிறார் என்று நினைத்து எஞ்சினைக் கூட்டினேன்.

ஒரு நிமிடம் நாங்கள் பறவைகளுக்கு நடுவில் இருந்தோம். இறகின் காற்று முகத்தில் பட்டது. அடுத்த நிமிடம் தண்ணீர் அடங்கிவிட்டது. பறவைகள் ஒவ்வொன்றாய்க் கலைந்து, தலைக்கு மேல் சத்தமில்லாமல் போய்விட்டன.

நிசாம் தூண்டில் கயிற்றிலிருந்து கையை எடுத்தான். என்னைப் பார்த்தான்.

"மச்சான், நீயா?" என்றான்.

அவ்வளவுதான். ஏசியிருந்தால் எனக்கு லேசாயிருந்திருக்கும். வெட்கத்தில் உடம்பு சுட்டது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அவனுடைய எஞ்சினும் சத்தம்தான், மீன் அதற்கும் தாழ்ந்திருக்கலாம் என்று மிஸ்ஸியிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை.

"பிழை விட்டா உடன சொல்லிப்போட வேணும் தம்பி. எங்கட வேலையில மறைச்சா ஆள் செத்துப்போகும். முதல் அந்த மனுசன்ர மீனைத் தேடிக் குடுங்கோ. அதுக்குப் பிறகு எனக்குப் பறவை காட்டலாம்."

3. எஞ்சின் நின்ற பிறகு

போன மீனைக் கடலில் எங்கே தேடுவது? பறவைகள் நாலாபக்கமும் போய்க்கொண்டிருந்தன. மிஸ்ஸி தூரக்கண்ணாடியை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாம் நேரே பார்த்துப் பறக்கின்றன, வடக்கே ஒன்று மட்டும் அலகைக் கீழே குத்திக்கொண்டு பறக்கிறது, அது ஏன் என்றார்.

எனக்குச் சட்டென்று விளங்கியது. பயணம் போகிற ஆலா முன்னால் பார்க்கும். தேடுகிற ஆலா கீழே பார்க்கும். மீன் பிடித்த காலத்தில் நான் பார்த்துப் பழகிய சங்கதி அது. பதின்மூன்று வருடத்தில் மறந்திருந்தேன்.

அந்த ஒன்றின் பின்னால் ஊர்ந்து போனோம். இரண்டாவது சேர்ந்தது, பிறகு ஐந்தாறு. நல்ல தூரத்திலேயே எஞ்சினை நிறுத்தினேன். நிசாமுக்குப் போனில் கோல் எடுத்தால் எடுக்கமாட்டான் என்று தெரியும். செம்மஞ்சள் லைஃப் ஜக்கெட் ஒன்றைத் துடுப்பில் மாட்டி உயர்த்திப் பிடித்தேன். அவனுடைய போட்டு அசையவில்லை. கை கடுத்து, மாற்றி மாற்றிப் பிடித்தேன். நான் அவனாக இருந்தால் வந்திருக்கமாட்டேன்.

கடைசியில் வந்தான். எங்களைத் திரும்பியும் பார்க்காமல் கடந்து போய், கூட்டத்தின் ஓரம் பிடித்துத் தூண்டிலை இறக்கினான். அவன் முடிக்கும்வரை நாங்கள் எஞ்சினைத் தொடமுடியாது. வெயில் ஏறியது. மிஸ்ஸியின் பஸ் நேரமும் ஓடிக்கொண்டிருந்தது. பறவையே கிட்டக் காணாமல் இவர் போகப்போகிறார் என்று நினைத்தேன். அவர் தூரக்கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டு குந்தியிருந்தார்.

முக்கால் மணித்தியாலம் போயிருக்கும். வயிறு நிறைந்த ஆலா ஒன்று வந்து எங்கள் போட்டின் முன் நுனியில் இறங்கியது. மிஸ்ஸி கையை நீட்டினால் இன்னும் ஒரு முழம்தான் மிச்சம். நான் மூச்சை அடக்கினேன். அவர் கமராவை எடுக்கவில்லை.

அது இறகைக் கோதியது. பிறகு சும்மா நின்றது. மூக்குத் துவாரத்திலிருந்து ஏதோ பளபளத்து, மஞ்சள் அலகின் வழியாய் மெல்ல இறங்கி, நுனியில் ஒரு சொட்டாகத் தொங்கியது. தலையைச் சிலுப்பியது. சொட்டு போட்டின் பைபர் விளிம்பில் விழுந்தது. இன்னொன்று ஊறியது. அதையும் சிலுப்பியது. மிஸ்ஸியின் உதடு அசைந்தது. எண்ணுகிறார் என்று நினைக்கிறேன். அது எழும்பிப் போனபோதுதான் அவருடைய கன்னம் நனைந்திருப்பதைக் கண்டேன்.

"எங்கட வாட்டில கிட்னி பழுதாகி ஒரு பிள்ளை இருந்தவள். தண்ணி அளந்துதான் குடுப்பம். மிஸ்ஸி இன்னொரு வாய் எண்டு ஒவ்வொரு நாளும் கேப்பாள். நான் ஒருநாளும் குடுக்கேல்லை," என்றார்.

நான் எழும்பிப் போய், பறவை நின்ற இடத்திலிருந்த ஈரத்தை விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பளம் நிறைந்த புத்தளத்து ஆளுக்கு உப்பைப் பற்றித் தெரியாதா? கடல் தண்ணீரைவிடக் கடும் உப்பு. மிஸ்ஸியிடம் சொன்னேன்.

அழுதுகொண்டிருந்தவர் ஒரே நொடியில் தாதியாகிவிட்டார். விசரோ உமக்கு என்று கேட்டு, சவர்க்காரம் தந்து, கையையும் வாயையும் கழுவ வைத்தார். அதற்குப் பிறகு இரண்டுபேரும் சிரித்தோம். அவர் பஸ்ஸைப் பிடித்துவிட்டார்.

4. வேலிக்கு அந்தப் பக்கம்

நிசாமுக்கு அன்று கிடைத்தது ஒரு பெட்டிக்கும் குறைவு. நான் கெடுக்காமலிருந்தால் எவ்வளவு கிடைத்திருக்கும் என்பது அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். கரையில் நாலுபேர் நிற்கும்போதே அவனிடம் போய், பிழை என்னுடையது என்று சொன்னேன். அவன் தூண்டிலைக் கழுவிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினான்.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு கிடுகு வேலிதான். இரண்டு நாள் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் இல்லை. மூன்றாம் நாள் அசர் தொழுதுவிட்டு நான் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கையில் வேலிக்கு மேல் அவனுடைய தலை தெரிந்தது. முகத்தில் கோபம் இருந்தது. ஆனால் அதற்கு மேல் வேறொன்றும் இருந்தது.

"ஒண்டு கேக்கிற. அண்டைக்கி அந்தப் பறவ குந்தின எடத்துல நீ என்னத்த நக்கின?"

மீன் இழுத்துக்கொண்டே அவ்வளவு தூரத்திலிருந்து பார்த்திருக்கிறான். இரண்டு நாள் அடக்கிப் பார்த்து முடியாமல்தான் வந்திருக்கிறான். நான் முழுவதையும் சொன்னேன், கண்ணுக்கு மேல் இருக்கிற சுரப்பி, டயலிசிஸ் மெசின், எல்லாம். அவன் வேலியைப் பிடித்தபடி கேட்டான்.

"மூக்காலயா?"

"மூக்காலதான்."

"வாப்பாட காலத்துலயிரிந்து ஆலாக்குப் பின்னால ஓடுற, இது தெரியாமப் போச்சி," என்று சொல்லிவிட்டு, எங்கள் வாசலுக்கு வந்து உட்கார்ந்து, வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த என் தங்கையைக் கூப்பிட்டுத் தனக்கும் தேத்தண்ணி கேட்டான்.

தம்பிமாருக்கு நான் சொல்லவந்தது இதுதான். பறவைக்குக் கிட்டப் போவது எஞ்சின் செய்யும் வேலையல்ல. தூரத்தில் நிறுத்துங்கள், மற்றவனுடைய மீனை விட்டுவையுங்கள், வருகிறது தானாக வரும். பதறாத காரியம் சிதறாது என்று சின்ன வயதிலேயே படித்தேன். எனக்கு அது பிடிபட ஐம்பத்துமூன்று வயதாகவேண்டியிருந்தது.

இப்போது போட்டில் பறவை பார்க்க ஆட்கள் இருக்கும் காலைகளில், சில நேரம் கடலிலிருந்து நிசாமின் போன் கோல் வரும். பின்னால் ஆலாக்களின் சத்தம் கேட்கும். அவன் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவான்.

"மச்சான், வா. மெதப்புக் கட்டயில ஆலா ஒண்டு குந்தி சொட்டுது. அங்கயே எஞ்சின நிப்பாட்டிரு."