நான் படிக்காமல் கையெழுத்துப் போட்ட மனு

சித்தூரில் மனு எழுதிக் கொடுக்கும் அண்ணா, நீங்கள் என்னை ஏமாற்றினீர்கள்.

என் கணவர் இறந்ததும், முதலமடையில் எங்கள் மாந்தோப்புக்குப் போகும் பாதையைக் கொழுந்தனார் வேலி போட்டு அடைத்தார். லாரி உள்ளே வராவிட்டால் மாங்காய் மரத்தடியிலேயே அழுகும். வக்கீல் வைக்கக் கையில் காசில்லை. சட்ட உதவி மையத்தில் பெண்களுக்கு இலவசமாக வக்கீல் தருவார்களாமே என்று உங்களிடம்தான் கேட்டேன்.

"ஏனுங்க அம்மணி, இனாமா வர்ற வக்கீல் உங்க கொழுந்தனாருகிட்ட காசு வாங்காம இருப்பாருங்களா?" என்று சிரித்தீர்கள். பஞ்சாயத்து ஆபீசுக்கு நீங்களே மலையாளத்தில் மனு எழுதினீர்கள். எனக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. கையெழுத்துப் போட்டேன்.

மாதங்கள் போயும் வேலி அசையவில்லை. கடைசியில் அந்த மையத்துக்கே போனேன். அங்கிருந்த வக்கீலம்மாவிடம் மனுவின் நகலைக் கொடுக்காமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"பேப்பர நான் தின்னுட மாட்டேன் சேச்சி. நீங்களே பிடிங்க, நான் படிக்கிறேன்" என்றார். எட்டிப் படித்துத் தமிழில் சொன்னார்: "பாதைய அடைச்சதுல உங்களுக்கு ஆட்சேபம் இல்லைன்னு எழுதியிருக்கு."

அவரையும் நம்பாமல், எதிரே இருந்த டீக்கடைக்காரரிடம் போய் நீட்டினேன். அவரும் அதையே படித்தார். திரும்பி வந்து நின்றேன். வக்கீலம்மா எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

இப்போது வழக்கை நடத்துவது அவர்தான். காசு கேட்காததால் அவரைச் சந்தேகப்பட்டேன். நம்ம ஊர்த் தமிழில் பேசியதால் உங்களை நம்பினேன். அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். உங்கள் தப்புக்கு நீங்கள் பதில் சொல்லுங்கள். யார் சொல்லி அப்படி எழுதினீர்கள்? என் வீட்டுக்கு வந்து மெதுவாகச் சொல்ல வேண்டாம். பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில், எல்லோரும் கேட்கச் சொல்லுங்கள்.