கார் கூரைக்குப் புதுத்துணி

மூன்று வருடம் கழித்து என் கணவர் துபாயிலிருந்து வருகிறார். மறுநாள் திருச்சி விமான நிலையத்துக்கு நானே கார் ஓட்டிப் போக வேண்டும். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எங்கள் பழைய காரின் உள்கூரைத் துணி தொங்கித் தலையில் உரசிக்கொண்டிருந்தது. காலையிலேயே கூரை அட்டையைக் கழற்றி இறக்கி, துணியை உரித்தேன். மக்கிய ஸ்பாஞ்சு மாவாய் உதிர்ந்தது. அதைச் சுரண்டிவிட்டுப் பசை தடவினேன். பசை கொஞ்சம் காயும்வரைகூடப் பொறுக்காமல் புதுத்துணியை ஒட்டியதில் நடுவே சுருக்கம் விழுந்துவிட்டது.

மறுநாள் விமான நிலையத்திலிருந்து எங்கள் ஊர் கந்தர்வக்கோட்டைக்குத் திரும்பும் வழியில் பக்கத்து சீட்டிலிருந்த கணவர் அண்ணாந்து பார்த்தார்.

"யாரு ஒட்டுனது?"

"நாந்தாங்க. சுருங்கிப்போச்சு. பிச்சுட்டுத் திரும்ப ஒட்டிரவா?"

"வேணாம், இருக்கட்டும்."

அதன்பிறகு அவர் கூரையைப் பார்க்கவில்லை. வீடு வரும்வரை என்னையே பார்த்துக்கொண்டு வந்தார். எனக்குப் படபடப்பு இன்னும் கூடியது.